கைத்தொழிலும் கூட்டுச் செபமும்



"தறியில் உட்கார்ந்தால் செபத்திற்கு நேரம் ஏது?" என்று நம் நெசவாளர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கூலி சேலைக் கணக்கில் அல்லவா வருகிறது!

1921-ஆம் ஆண்டு திருப்பத்தூரில் இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சவரிராயன் ஏசுதாசன் தமிழர். எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், அதனால் என்ன? கதர் உடுத்தி, மணம் முடிக்காமல், சகோதரர்களாய் வாழ்ந்தனர். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவர்களை அழைத்தனர். தமிழ்க் கோயில் பாணியில் செபாலயமும் எழுப்பினர். ஏழைகளுக்கு மருத்துவமனையும் நடத்தினர்.

தனி மருத்துவர் ஒருவர் செபிக்க எழுந்தால் நோயாளி காத்துக் கிடப்பான். தோள் கொடுக்கச் சகோதரர் இருந்தால் பணியும் நிற்காது, செபமும் நிற்காது. அவர்கள் வாழ்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தக் கூட்டுதான்.

நம் கோர்வைத் தறியைப் பாருங்கள். மூன்று நாடா, உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. பக்கத்தில் கரை போடுகிறவர் கை நிறுத்தினால் நெய்கிறவரும் நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே ஒருவர் மட்டும் தீர்மானித்துப் பயனில்லை. இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வரதராசரைக் கும்பிடுகிறவராகவும் இருக்கலாம். அவரிடமும் மரியாதையாய்க் கேளுங்கள், மறுக்க மாட்டார்.

நண்பகல் மூவேளைச் செபத்திற்கு இரண்டே நிமிடம் போதும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தறித் துணையிடம் முதலில் இதைப் பேசுங்கள்.