தடை மட்டும் போதாது. தாங்கும் மனமும் வேண்டும்!

(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மது ஹராம் என்பது மக்தப் மதரஸாவில் ஓதிய சிறுவனுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அரும்பு மீசைப் பிள்ளை ஏன் பாட்டிலைத் தொடுகிறான்?

தமிழகத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. விதியும் இருக்கிறது, பையன் கையில் பாட்டிலும் இருக்கிறது!

என்னிடம் ஒரு கடைப் பையனை அழைத்து வந்தார்கள். ப்ளஸ் டூவில் தோற்று, ஊரைவிட்டு வந்தவன். "குடிச்சாத்தான் தூக்கம் வருது ஹஜ்ரத்" என்றான். ருசிக்காக அல்ல, அவமானத்தைச் சுமக்கத் தெரியாமல் குடித்திருக்கிறான். விடிந்தபோது அவமானம் அப்படியே இருந்தது. குற்ற உணர்வும் கூடச் சேர்ந்துகொண்டது.

சகோதரர்களே! துன்பம் வராத வாலிபம் இல்லை. வந்தால் என்ன செய்வதென்று தெரிந்தவன் தப்புகிறான். கோபம் வந்தால் இடம் மாறுவது, மனதிலுள்ளதை நம்பிக்கையானவரிடம் கொட்டுவது, பெரிய கவலையில் இன்று செய்யக்கூடியதை மட்டும் எடுத்துச் செய்வது, நண்பன் நீட்டும்போது கூச்சமின்றி 'வேண்டாம்' என்பது - இவை பிறவிக் குணங்களல்ல, பழக்கினால் வருபவை. ஸப்ரு என்பது வாய்மூடிக் கிடப்பதல்ல. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அழுதார்கள். தம் துயரை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள்.

மதீனாவில் மது விலக்கப்பட்ட நாளில், அபூதல்ஹா (ரலி) வீட்டில் மது ஊற்றிக் கொடுத்தவர் இளைஞர் அனஸ் (ரலி). அறிவிப்பு கேட்டதும் அதே கையால் கொட்டினார். மதீனாத் தெருக்களில் மது ஓடியது. அந்த அனஸ் நபி (ஸல்) அவர்களிடம் பத்தாண்டு பணிவிடை செய்தவர்; ஒருநாளும் 'சீ' என்ற சொல் கேட்டதில்லை என்று அவரே அறிவிக்கிறார். கட்டளை மட்டுமல்ல, கனிவும் அவரை வளர்த்தது.

கடை முதலாளிகளே! உங்கள் பையனிடம் கணக்குக் கேட்கிறீர்கள், "மனசுல என்னப்பா கவலை?" என்று கேட்டதுண்டா? வாரம் ஒரு மாலை விளையாட விடுங்கள். குடித்தான் எனத் தெரிந்தால் ஊரறியத் துரத்தாதீர்கள். துரத்தப்பட்டவனுக்குத் திறந்திருக்கும் கதவு மதுக்கடைதான்! மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2022ல் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் 14416; அதையும் கடையில் எழுதி வையுங்கள்.

வாலிபர்களே! மனம் உடையும் நாளில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? அந்த ஒருவரை இன்றே தேடிக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக! வஸ்ஸலாம்.