காட்டியதும் மறைத்ததும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாட்டை ஆள்வோரை நம்மிற் பெரும்பாலோர் நேரிலே பழகி அறிந்தவரல்லர். பத்திரிகை காட்டிய முகத்தையும் வானொலி தந்த குரலையும் கொண்டே அவரை எடை போடுகிறோம், வாக்கும் அளிக்கிறோம். ஆகவே, நமக்குக் காட்டப்படுவது எது, மறைக்கப்படுவது எது என்று ஆராய்தல் நம் கடமையாகும். இதற்கு அமெரிக்க வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் கூற விரும்புகிறேன்.

பிராங்ளின் றூஸ்வெல்ற் 1921ஆம் ஆண்டிலே, தமது 39ஆவது வயதில், இளம்பிள்ளைவாத நோயினாற் கால்களின் வலுவை இழந்தார். 1933இற் சனாதிபதியான பின்னர் மாளிகைக்குள்ளே சக்கர நாற்காலியிலேயே இயங்கினார். அக்கோலத்தில் அவரைப் படம்பிடிக்க வேண்டாமென்று வெள்ளை மாளிகை கேட்டுக்கொண்டது. பத்திரிகையாளரும் பெரும்பாலும் இணங்கினர். இணங்காதாரை மெய்க்காவலர் தடுத்தனர். நோய் வந்த செய்தியை மக்கள் அறிவர். தனியே எழுந்து நடக்க இயலாதவரென்பதைப் பலர் அறியார்.

ஆனால் அவர் குரலை அவர்கள் நன்கறிந்தனர். வங்கிகளெல்லாம் மூடிக்கிடந்த 1933 மார்ச் 12ஆந் திகதி இரவு, அவர் வானொலியில் எளிய மொழியிலே நிலைமையை விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, பணத்தை எடுத்துச் சென்ற மக்கள் அதனைத் திருப்பி வைப்பிலிட வந்தனர்.

கால்களை மறைத்ததில் என்ன குற்றம் என்று நீங்கள் வினவலாம். நாடாளும் தொழிலுக்குக் கால் வலு வேண்டியதில்லை. அக்காலத்தார் படத்தைக் கண்டிருந்தால் ஊனத்தை மட்டுமே கண்டு திறமையைக் காணாது விட்டிருக்கவுங் கூடும்.

எனினும் மறைக்கும் பழக்கம் அந்த அளவில் நிற்கவில்லை. 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த இருதய வைத்தியர், இருதயம் தளர்ந்திருப்பதையும் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதையுங் கண்டார். சனாதிபதியின் பிரதம வைத்தியரோ அவர் நலமாயிருப்பதாகவே பத்திரிகைகளுக்குக் கூறிவந்தார். நவம்பரில் மக்கள் அவரை நான்காம் முறையாகத் தெரிந்தெடுத்தனர். 1945 ஜனவரி 20இற் பதவியேற்றவர் ஏப்ரல் 12இற் காலமானார். உலக யுத்தம் முடியாத வேளை! அணுகுண்டுத் திட்டத்தின் விபரத்தையே அதுவரை அறியாதிருந்த உபசனாதிபதி ற்றூமன் மீது அத்தனை பாரமும் விழுந்தது.

கால்களைப் பற்றிய மௌனம் ஒரு மனிதனின் மானத்தைக் காத்தது. இருதயத்தைப் பற்றிய மௌனமோ வாக்காளர் அறிந்து தீர்மானிக்கும் உரிமையைப் பறித்தது. ஒருவர் வகிக்கும் பதவியின் கடமையைத் தொடுகின்ற உண்மை எதனையும் மறைக்கலாகாது என்பதே நாம் பெறும் பாடம்.

இன்று கமரா இல்லாத கை இல்லை. தலைவர் குழந்தையைத் தூக்குவதையும், கோயிலிற் கும்பிடுவதையும், வயலில் இறங்குவதையும் நாள்தோறும் காண்கிறோம். அவர் எந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தினார், பொதுப்பணத்தை எவ்வாறு செலவிட்டார் என்பன அப்படங்களில் வருவதில்லை. நிறைய மறைப்பதற்கு நிறையக் காட்டுவதும் ஒரு வழியே!

வாலிபத் தோழர்களே, தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். ஒரு படம் உங்கள் மனத்தைக் கவரும்போது, இவர் கடமையைப் பற்றி இது எனக்கு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். விடை இல்லையெனில், வாக்குச் சீட்டைக் கையிலெடுக்குமுன் அவ்விடையைத் தேடிச் செல்லுங்கள்.