ஒலி ஏன் மறைந்தது?

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் சுற்றொலி அமைப்பொன்றை நிறுவினோம். ஒலிபெருக்கிகள் 5, தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே மற்றொன்று. பின்புறத்து இரண்டும் கம்பியின்றி இயங்குவன. சில நாட்களில், இரவு உணவு வேளையில், அவ்விரண்டும் திடீரென ஊமையாயின. என் மகன் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டான் எனக் கருதிக் கடிந்துகொண்டேன். "நான் தொடவில்லை, அப்பா" என்று அவன் கண்கலங்கினான்.

பழைய வானொலிப் பெட்டியில் அலை மெலிந்தால் கரகரப்பு எழும். இலக்க முறையில் அவ்வாறன்று. செய்தி பெரிதும் சிதைந்தால் கருவி வாய்மூடிக்கொள்ளும். மௌனத்தைக் கொண்டே நாம் காரணத்தைத் தேடவேண்டும்.

மறுநாள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தேன். எச்.டி.எம்.ஐ. வடத்தை மாற்றினேன்; பயனில்லை. முன்புற ஒலிபெருக்கிகளோ தடையின்றி ஒலித்தன. ஆகவே ஐயம் வான்வழியின்மீது விழுந்தது. அவ்வேளையில் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இயங்கிற்று, ஒலி மறைந்தது. அடுப்பு நின்றது, ஒலி மீண்டது. அவ்வடுப்பும் எங்கள் ஒலிபெருக்கிகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையிலேயே இயங்குவன. அடுப்பினின்று சிறிதே கசியும் அலையும் மெல்லிய செய்தியை மூழ்கடித்துவிடும் அன்றோ? அடுப்பைத் தொலைவில் வைத்தேன், குறை நீங்கிற்று.

மகனை அழைத்து, "பிழை என்னுடையதப்பா" என்றேன். நண்பர்களே, கருவியாயினும் மனிதராயினும், சோதிக்குமுன் தீர்ப்பு வேண்டா.