மாடிப்படி விளக்கும் வாசல் விளக்கும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்துக்குப் புதிய செயலி வரப்போகிறது. பார்வையாளர் பதிவு, பராமரிப்புக் கட்டணம், புகார் எல்லாம் அதில்தான். அதை எப்படி ஓட்டுவது என்று இரண்டு திட்டங்கள் வந்திருக்கின்றன: ஒன்று கன்டெய்னர், மற்றது சர்வர்லெஸ். "ஐ.டி.யில் இருப்பவர்கள் முடிவு செய்யட்டுமே" என்று சிலர் சொன்னீர்கள். மாதாமாதம் பணம் கட்டப்போவது நாம் எல்லோரும்தான். அதனால் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

நம் மாடிப்படியில் இருப்பது சென்சார் விளக்கு. ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். வாசல் விளக்கு இரவு முழுக்க எரியும். சர்வர்லெஸ் மாடிப்படி விளக்கு. கன்டெய்னர் பெரும்பாலும் வாசல் விளக்கு.

சர்வர்லெஸ் என்றால் சர்வரே இல்லை என்பதல்ல. சர்வரைப் பராமரிப்பது அமேசான், கூகுள் போன்றவர்களின் பொறுப்பு. ஓடிய நேரத்துக்கும் வந்த அழைப்புகளுக்கும்தான் கட்டணம். 2014இல் அறிமுகமான அமேசான் லாம்டாவில் மாதம் முதல் 10 லட்சம் அழைப்புகள் இலவசம். நம் 120 வீடுகளும் நாளுக்கு 50 அழைப்புகள் அனுப்பினாலும் மாதம் 1,80,000தான். தகவல் சேமிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. சற்று நேரம் யாரும் தொடாவிட்டால், அடுத்து வருபவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். லாம்டாவில் ஒரு வேலை 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது.

கன்டெய்னர் என்பது செயலியையும் அதற்கு வேண்டிய துணை மென்பொருள்களையும் ஒரே பொதியாகக் கட்டுவது. 2013இல் டாக்கர் வந்தபின் இது பரவலானது. வேறு நிறுவனத்துக்கு மாறுவது எளிது. ஆனால் யாரும் தொடாத இரவு 2 மணிக்கும் சர்வர் வாடகை ஓடும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போட ஆளும் வேண்டும்.

இடைவிடாத வேலைக்குக் கன்டெய்னரே மலிவாகலாம். பிரைம் வீடியோவில் ஒரு குழு, ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் சேவையை சர்வர்லெஸ்ஸிலிருந்து கன்டெய்னருக்கு மாற்றியதில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023இல் எழுதியது. நம் வேலை அப்படிப்பட்டதல்ல. காலையும் மாலையும் கொஞ்சம் கூட்டம், மாதத் தொடக்கத்தில் கட்டணம், அவ்வளவுதான்.

பழைய செயலி ஏன் நின்றது என்று நினைவிருக்கும். சர்வரைப் பார்த்துக்கொண்ட நண்பர் வீடு மாறிப் போனார். சான்றிதழ் காலாவதியானது யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் வாசலில் நோட்டுப் புத்தகம்தான்! பணத்தைவிட, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததே நம் குறை. அதனால் என் பரிந்துரை சர்வர்லெஸ். வாசலில் முதல் பதிவுக்கு ஓரிரு விநாடி தாமதமானால் பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் எழுதி வாங்குங்கள். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை தகவல்களின் நகல் நம் கைக்கு வர வேண்டும். கட்டணம் நாம் சொன்ன அளவைத் தொட்டால் செயலருக்கும் பொருளாளருக்கும் எச்சரிக்கை வர வேண்டும். எச்சரிக்கை வந்ததாலேயே கட்டணம் நின்றுவிடாது என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த மூன்றும் இல்லாமல் எந்தத் திட்டத்துக்கும் கை தூக்காதீர்கள்.