கொழும்புக் கடலில் எரிந்த கப்பலும் நம்ம மலையில் பெய்த மழையும்

(முரசுமோட்டையில் நமது தோட்டத்து உறவுகள் கூடிய கூட்டத்தில் சங்கத்தின் மாதர் அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதாக மாற்றப்படவில்லை.)



இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் 77 வன்செயலுக்குப் பிறகு லயத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு கால் இங்கே வயலில், ஒரு கால் இன்னும் மலையில். அங்கே அக்கா கொழுந்து எடுக்கிறாள், இங்கே தம்பி நெல் விதைக்கிறான். அதனால் இரண்டு இடத்தையும் சேர்த்துத்தான் நான் பேச வேண்டும்.

நான் வந்த நேரம் முதல் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். பரந்தனில் மறுபடியும் கெமிக்கல் பெக்டரி வரப்போகுதாமே, வந்தால் காஸ் இங்கே வருமா என்று. நல்ல கேள்வி. அதற்கு நேராகப் போகாமல் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இருந்து தொடங்குகிறேன். காற்றில் வரும் பயம் எப்படி வருகிறது என்று அப்போதுதான் நானே கண்டேன்.

அந்த மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. புதுக் கப்பல், அந்த வருடம்தான் ஓடத் தொடங்கியது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட கொள்கலன்கள். அதற்குள்ளே 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் கசிகிறது என்பது கொழும்புக்கு வந்த பிறகு தெரிந்த விஷயமல்ல. வருகிற வழியிலேயே கட்டாரில் ஹமாட் துறைமுகத்திடமும் இந்தியாவில் ஹசீராத் துறைமுகத்திடமும் கசியும் கொள்கலனை இறக்கக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடியாது என்றார்கள். மே 20ஆம் திகதி தீப்பிடித்தது, 25ஆம் திகதி வெடித்தது. ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துப் போகும்போது கப்பலின் பின்பக்கம் தரைதட்டி மூழ்கத் தொடங்கியது.

அந்த நாட்களில் நாடு முழுவதும் கொரோனாப் பயணத்தடை. எல்லோரும் வீட்டில். தோட்டத்தில் மட்டும் வேலை. என் தங்கச்சி கினிகத்தேனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். ஒரு ராத்திரி எடுத்துச் சொல்கிறாள், "அக்கா, அமில மழை பெய்யப் போகுதாம். நனைஞ்சா தோல் வெந்து போகுமாம். போன்ல படம் எல்லாம் வந்திருக்கு. நாளைக்கு மலைக்குப் போறதா வேணாமா?" போகாவிட்டால் பேர் இல்லை. போய் மழைக்குப் பயந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆயிரம் ரூபா சம்பளம் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது.

பயம் வெறும் கட்டுக்கதையும் அல்ல. கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையே சொல்லியிருந்தது, கப்பலில் இருந்து வெளியேறும் நைதரசன் ஈரொட்சைட்டால் இலேசான அமில மழை பெய்யலாம், கடற்கரையோர மக்கள் கவனமாக இருங்கள் என்று. அதில் "இலேசான" என்ற சொல்லும் "கடற்கரையோரம்" என்ற சொல்லும் போன் வழியாக மலைக்கு வரும்போது உதிர்ந்து போய்விட்டன. அமிலம் என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

காற்றைப் பாருங்கள். மே கடைசி தென்மேற்குப் பருவக்காற்று காலம், நீங்கள் இங்கே சோளகம் என்கிறீர்களே அதுதான். கடலில் இருந்து தரைக்கு அடிக்கும். அப்படியே போய் வட்டவளை, கினிகத்தேனை மலைகளில் மோதி மழையாகக் கொட்டும். ஆகவே கொழும்புக் கடலில் எரிந்தால் புகை போகும் திசையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. தங்கச்சி பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறது. புகை காற்றோடு போகப் போக மேலும் பக்கமும் விரியும், கலையும், வழியில் மழை அதைக் கழுவும். சாதாரண மழைத் தண்ணீரே கொஞ்சம் அமிலம்தான். தேயிலைச் செடி வேறு புளிப்பு மண்ணைத்தான் விரும்புகிறது. நாம் போடும் உரமே மண்ணை வருடா வருடம் புளிக்க வைக்கிறது, அது கூடிவிடாமல் இருக்கத்தானே கவ்வாத்து முடிந்ததும் டொலமைட் வீசுகிறோம்! அந்த மூட்டையை நம்ம ஆம்பிளைகள் எத்தனை வருடம் சுமந்திருப்பார்கள், எதற்கு என்று யாராவது சொன்னார்களா? இதை எல்லாம் தங்கச்சிக்கு நான் அன்றைக்கே சொல்லவில்லை. எனக்கே தெரியாது. கேட்டுப் படித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: ரப்பர் படங்கை நல்லாப் போர்த்திக்கோ, வந்ததும் குளி.

உண்மையில் அடிபட்டவர்கள் கிட்டத்தில் இருந்தவர்கள். நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கப்பலில் இருந்தன, கரையெல்லாம் வெள்ளையாக அவைதான். செத்த ஆமைகள் ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நாலு வருடம் கழித்து.

இங்கே உள்ளவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். 2022 டிசம்பர். மண்டூஸ் புயல் நேரம். பகலிலும் பனிமூட்டம் போல ஒரு மங்கல். இந்தியப் பக்கத்தில் இருந்து அழுக்குக் காற்று வந்து சேர்ந்திருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. டிசம்பர் 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடு, ஆடு செத்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் பலர் பட்டி மாட்டை இழந்தார்கள். நச்சுக் காற்றுத்தான் கொன்றது என்று பேசிக்கொண்டார்கள். மழையில் நனைந்து, காற்றில் நின்று, தாங்க முடியாத குளிரில்தான் செத்தன என்று மிருக வைத்தியத் தரப்பில் சொன்னார்கள். கொட்டகை இல்லாத மாடுகள். தூரத்தில் இருந்து வந்த காற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் கொட்டகையைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

தூரத்து ஆபத்தே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 1986 ஏப்ரல் 26 செர்னோபில் அணு உலை வெடித்தது. அதை உலகத்துக்கு முதலில் காட்டிக் கொடுத்தது ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சுவீடனில் ஒரு மின் நிலையத்தில் வேலைக்கு வந்த தொழிலாளியின் சப்பாத்து. பரிசோதனைக் கருவி சத்தம் போட்டது. கருங்கடலுக்கு இந்தப் பக்கம் துருக்கியில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன, ரீசே என்ற ஊர்ப் பக்கம். அந்த வருடக் கொழுந்தில் கதிர்வீச்சு இறங்கியிருந்தது. பயப்படாதீர்கள் என்று காட்ட அந்த நாட்டு அமைச்சர் பத்திரிகைக்காரர் முன்னால் தேத்தண்ணி குடித்துக் காட்டினார். பிறகு ஏராளமான தேயிலையைப் புதைக்க வேண்டி வந்தது. அமைச்சர் ஒரு கோப்பை குடித்தார். கொழுந்து பறித்த பெண்கள் அதற்குள்ளேயே நின்றார்கள்.

ஆகவே தூரமா கிட்டமா என்பதோடு, என்ன பொருள், எவ்வளவு, எந்தக் காற்று, யாருக்கு முதலில் தெரிந்தது, யாருக்குச் சொல்லவில்லை, இவ்வளவும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் போபாலை விடப் பெரிய பாடம் இல்லை.

1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு. யூனியன் கார்பைட் தொழிற்சாலை. அங்கே செய்தது பூச்சி மருந்து. வயலிலும் தோட்டத்திலும் அடிக்கிறோமே, அந்த வகை. அதற்கான மீதைல் ஐசோசயனேட் என்ற பொருள் இருந்த தாங்கிக்குள் தண்ணீர் போய்விட்டது. சூடேறிப் பொங்கி ஏறத்தாழ 40 தொன் வெளியே வந்தது. குளிரூட்டும் இயந்திரத்தைச் செலவு மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரித்துவிடும் குழாய் பழுது பார்க்கக் கழற்றிக் கிடந்தது. வேலையாட்களைக் குறைத்திருந்தார்கள். இது ஆபத்து என்று தொழிற்சங்கம் முன்பே சொன்னது. 1981இல் உள்ளே ஒரு தொழிலாளி வாயு பட்டு இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982இலேயே எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை.

அந்த வாயு காற்றை விடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து போகும். வாசலுக்கு எதிரே குடிசைகள், பாயில் தூங்கிய பிள்ளைகள். ஓடினவர்கள் மூச்சிரைத்து இன்னும் அதிகமாக உள்ளே இழுத்தார்கள். ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள் என்று பின்னால் சொன்னார்கள். மாநில அரசு ஒத்துக்கொண்ட கணக்கே 3,787 உயிர். உண்மைக் கணக்கு அதைவிடப் பல மடங்கு என்று அங்குள்ள மக்கள் இன்னும் போராடுகிறார்கள்.

நம்ம நாட்டில் இறப்பர்ப் பாலை உறைய விடாமல் வைக்க அமோனியா கலக்கிறார்கள். 2018 ஏப்ரலில் ஹொறணை பெல்லப்பிட்டியவில் ஒரு இறப்பர் தொழிற்சாலையில் தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். தூக்கப் போனவர்களையும் அமோனியா அடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பயிற்சி இல்லாமல், முகமூடி இல்லாமல், பாசத்தில் இறங்கியவர்கள். கப்பல் எரிந்தபோது வந்த போன் செய்திகளில் பத்தில் ஒன்று இதற்கு வந்திருக்குமா? தூரத்துப் புகைக்குப் பயப்படுகிறோம், முதுகில் சுமக்கிற மருந்து டாங்கிக்குப் பயப்படுவதில்லை. மருந்துப் போத்தலில் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஆனால் ஸ்டோரில் அதை வேறு கேனுக்கு மாற்றித்தானே தருகிறார்கள். எழுத்து ஸ்டோரிலேயே நின்றுவிடுகிறது. இங்கே வயலிலும் அதே கதைதான், சோடாப் போத்தலில் களைநாசினி வாங்கி வருகிற தம்பிமாரை நானே பார்த்தேன். சிரிக்காதீர்கள், வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது.

சரி, பரந்தனுக்கு வருகிறேன். பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆனையிறவு உப்பை எடுத்து மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரீனும் செய்தார்கள். யுத்தத்தில் நின்று போனது. நாட்டின் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரீன் இன்றைக்கும் பரந்தன் பெயர் கொண்ட கம்பனி வழியாகவே போகிறது, வெளிநாட்டில் இருந்து வாங்கி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் பரந்தனில் இரசாயனக் கைத்தொழில் பேட்டை என்று சொன்னார்கள். வேலை வரும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வரவேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் குளோரீன் காற்றை விட இரண்டரை மடங்கு பாரம். அதுவும் தாழ்வான இடம் தேடிப் போகும். சோளகக் காலத்தில் பரந்தனில் ஏதும் கசிந்தால் கிழக்கே, இந்தப் பக்கம் வரத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே எதைச் சேமிப்பார்கள், எத்தனை தொன், தாங்கி எங்கே, சங்கு ஊதினால் நாங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும், கிளிநொச்சி வைத்தியசாலையில் அதற்கு மருந்தும் ஒட்சிசனும் இருக்குமா? அத்திவாரம் போடுமுன் கேட்டால்தான் பதில் வரும். பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை செய்தால் அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தரவேண்டும். தமிழில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கடிதம் எழுதச் சங்கத்தில் இருந்து நான் உதவுவேன். கையெழுத்து நீங்கள் போட வேண்டும்.

காஸ் மணம் வந்தால் என்ன செய்வது என்று முன்வரிசையில் அந்த அம்மா கேட்டார். காற்று வரும் திசையைப் பாருங்கள், மரத்து இலை காட்டும். காற்றோடு ஓடாதீர்கள், காஸ் உங்கள் பின்னாலேயே வரும். காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகிப் போங்கள், முடிந்தால் மேட்டுக்கு. துணியை நனைத்து மூக்கு வாயில் பிடியுங்கள். பிள்ளையைத் தரையில் விடாமல் தூக்குங்கள். கிணறு, குழி எதற்குள்ளும் ஒளியாதீர்கள். விழுந்தவரைத் தூக்க முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள், ஹொறணையை நினையுங்கள்.

தங்கச்சி அடுத்த நாள் மலைக்குப் போனாள். மழை பெய்தது, தோல் ஒன்றும் வேகவில்லை. கிலோ மட்டும் குறைந்து அரைப்பேர்தான் விழுந்தது. அதற்கான சண்டை வேறு கதை, போன இதழில் வந்தது.

கடிதத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் போகும்போது வாசலில் இருக்கிற கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். தேத்தண்ணி வைத்திருக்கிறார்கள், குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.