ஆதுலர் சாலையின் அன்றாடம்



காமாட்சியம்மை இருநாழி நெல் கொண்டு காஞ்சியில் முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது இந்நகரில் குழந்தைகளும் அறிந்த செய்தி. எனினும் அம்முப்பத்திரண்டும் யாவை என்று பட்டியலை எடுத்துப் பார்ப்போர் சிலரே. பட்டியல் ஆதுலர்க்குச் சாலை அமைப்பதில் தொடங்குகிறது. நோயாலும் வறுமையாலும் தம்மைத் தாம் காத்துக்கொள்ள இயலாதவர் ஆதுலர். தொடர்ந்து வருவனவற்றுள் தண்ணீர்ப்பந்தலும் மடமும் சோலையும் உண்டு. அவை கல்வெட்டில் பெயர் பொறிக்கத்தக்க பேரறங்கள். அவற்றினூடே வண்ணார், நாவிதர், நோய்மருந்து, கண்மருந்து, தலைக்கு எண்ணெய், அறவைப் பிணம் சுடுதல் என்பனவும் ஒருங்கே எண்ணப்பட்டுள்ளன. அறவை என்பது ஆதரவற்றோரைக் குறிக்கும் சொல். அழுக்குத் துணி வெளுப்பதையும் முகம் மழிப்பதையும் எண்ணெய் தேய்ப்பதையும் அறம் என்று எண்ணி வைத்தவர், வீடற்ற ஒருவரின் அன்றாடத்தை அருகிருந்து கண்டவராகவே இருத்தல் வேண்டும்.

இப்பட்டியலை ஏறத்தாழ அப்படியே செயலில் காண விரும்புவோர் கொல்கத்தாவில் காளிகட்டத்துக்குச் செல்லலாம். ஆங்கு நடப்பது கிறித்தவத் துறவியரின் இல்லம் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அவ்வில்லத்தின் வரலாறே ஒரு கோயில் நகரின் வரலாறுதான். அன்னை தெரசா 1950-இல் பிறர் அன்பின் பணியாளர் சபையைத் தொடங்கினார். தெருவோரத்தில் இறந்துகொண்டிருந்தவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கொல்கத்தா மாநகராட்சியை வேண்டினார். காளி கோயிலை ஒட்டி, யாத்திரிகர் தங்குவதற்கென்று கட்டப்பட்டிருந்த சத்திரம் ஒன்றை மாநகராட்சி அளித்தது. 1952 ஆகஸ்டில் அது 'நிர்மல் இருதய்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. கோயிலடியில் கிறித்தவர் புகுந்ததை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது. பின்னர்க் காசநோய் முற்றிய கோயில் பூசகர் ஒருவர் அவ்வில்லத்திலேயே பேணப்பட்டதால் எதிர்ப்புத் தணிந்தது என்பர். காஞ்சியின் மாடவீதியில் ஒரு சத்திரம் இவ்வாறு கொடுக்கப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அந்நாளைய சூட்டினை உணரலாம்.

அவ்வில்லத்தின் ஒரு நாள் எத்தகையது? அன்னை இல்லம் என்னும் தலைமை மடத்தில் காலை ஆறு மணிக்குத் திருப்பலி. அது முடிந்ததும் தன்னார்வத் தொண்டர்க்கு ரொட்டியும் வாழைப்பழமும் தேநீரும் தரப்படும். சப்பானியரும் இசுபானியரும் கொரியரும் வங்காளியரும் ஒரே கூடத்தில் நின்று உண்டு, நகரின் வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரிந்து செல்வர். ஒரு நாள் மட்டும் வருவாரும் உண்டு. ஆண்டுதோறும் தவறாது வந்து மாதக்கணக்கில் தங்குவாரும் உண்டு.

காளிகட்டத்தில் ஆண்களுக்கு ஒரு கூடமும் பெண்களுக்கு ஒரு கூடமும் உள்ளன. தாழ்ந்த கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். கட்டில் தாழ்வாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தரையில் படுத்துப் பழகியவர் உயர்ந்த கட்டிலிலிருந்து விழுந்துவிடுவார். ஊட்டுபவரும் அருகே குந்தி அமர்ந்து முகத்துக்கு நேர் முகம் வைத்து ஊட்டலாம்.

முதல் வேலை துணி. இரவில் நனைந்த விரிப்புகளும் போர்வைகளும் உடைகளும் மலையாகக் குவியும். அவற்றைக் கிருமிநாசினி கலந்த நீர்த்தொட்டியில் ஊறவைத்து, அலசி, மற்றொரு தொட்டிக்கு மாற்றுவர். நனைந்த கம்பளியைத் தனியொருவர் பிழிய இயலாது. இருவர் இருமுனையும் பற்றி எதிரெதிராக முறுக்குவர். பிறகு வாளியில் சுமந்து மாடியேறி உலர்த்துவர். நெடுங்காலம் இவ்வளவும் கையாலேயே நடந்தது. இறப்போர் அருகில் அமர்ந்து கைபற்றி ஆறுதல் மொழியலாம் என்று கனவு கண்டு கடல் கடந்து வந்த தொண்டர் பலர்க்கும் முதல் வாரம் முழுவதும் கிடைப்பது இத்தொட்டிதான். சிலர் ஏமாற்றமுற்றுத் திரும்பிவிடுவர். தொட்டியிலேயே நிலைத்தவர்களே பயன்பட்டனர்.

துணியையடுத்துக் குளியல், புண்ணுக்குக் கட்டு, மருந்து, முகம் மழித்தல், நகம் வெட்டுதல். தெருவில் பலகாலம் கிடந்தவரின் தலைமயிர் சடைகட்டிப் பேனும் புண்ணுமாயிருக்கும். அதை மழிக்கக் கத்தியைவிடப் பொறுமையே மிகுதியும் வேண்டும். பின் சோறு. மெல்ல இயலாதார்க்குக் குழைத்து, ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கினாரா என்று பார்த்து ஊட்டவேண்டும். விரைந்தால் புரையேறும். ஐம்பது பேர்க்கு உணவு முடிவதற்குள் அடுத்த துணிக்குவியல் சேர்ந்திருக்கும்.

மணிமேகலையைப் பயின்றோர்க்கு ஈண்டு ஆபுத்திரன் நினைவு எழாமற் போகாது. பதியினின்றும் வெளியேற்றப்பட்ட அவன் மதுரையில் ஓடு ஏந்தி இரந்து, குருடர், செவிடர், முடவர், பேணுநர் இல்லாதோர், நோயுற்றோர் யாவரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு, அவ்வோட்டையே தலையணையாகக் கொண்டு உறங்கினான். அமுதசுரபி அவனுக்குக் கிடைத்தது இதன் பின்னரே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வற்றாத கலம் வருமுன் வற்றும் ஓட்டைக் கொண்டே அவன் தொண்டு நடந்தது. அக்கலம் மணிமேகலை கைக்கு வந்து, புகாரில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கி, இறுதியில் பஞ்சத்தால் வாடிய இக்காஞ்சிக்கே வந்தது. சாத்தனார் காட்டும் பௌத்த அறமும் காமாட்சியின் இருநாழி நெல்லும் ஒரே ஊரில் வந்து சேர்வது தற்செயல் அன்று எனலாம்.

தொண்டரைப் புகழ்ந்து எழுதியோர் பெரும்பாலும் மறந்தவர் ஒரு சாரார் உளர். அவர்கள் கூலி பெற்று உழைக்கும் உள்ளூர்ப் பெண்கள். 'மாஷி' என்று அவர்களை அழைப்பர். தாயின் உடன்பிறந்தாள் என்பது அதன் பொருள். வெளிநாட்டுத் தொண்டர்க்கு நோயாளியின் மொழி தெரியாது. வங்க மொழியில் முனகுபவர் தண்ணீர் கேட்கிறாரா, வலிக்கிறது என்கிறாரா என்று சொல்ல வல்லவர் மாஷியே. தொண்டர் வந்து போவர். மாஷி அங்கேயே இருப்பாள். 

நெசவூரில் சொல்லத்தக்க செய்தி மற்றொன்று. சகோதரியர் உடுத்தும் நீலக்கரை வெண்பருத்திச் சேலை, கொல்கத்தாவை அடுத்த டிட்டாகர் என்னும் ஊரில், காந்திஜி பிரேம் நிவாஸ் என்னும் தொழுநோயாளர் இல்லத்துத் தறிகளில் நெய்யப்படுவது. நோயால் விரல் மழுங்கிய கைகளே அந்நாடாவை ஓட்டுகின்றன. இல்லங்களுக்கு வேண்டிய விரிப்புகளும் புண்கட்டும் துணிகளும் அங்கு நெய்யப்படுகின்றன. கரையும் உடலும் தனித்தனி நிறமாக நெய்து கோர்வை சேர்க்கும் காஞ்சித் தறியின் நுட்பம் அங்கு இல்லை, தங்கச்சரிகையும் இல்லை. ஆயினும் ஒருவகையில் வீடிழந்தோர் நெய்த துணியில் வீடிழந்தோர் படுத்திருக்கின்றனர். பட்டு நெய்து பட்டுடுத்தாத நெசவாளரை அறிந்த இவ்வூர்க்கு இது புதிய செய்தியாகவே இருக்கும்.

புகழ்மொழி மட்டும் சொல்லி முடித்தல் முறையன்று. 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியராயிருந்த ராபின் ஃபாக்ஸ் இவ்வில்லத்தைக் கண்டு 1994-இல் எழுதினார். புண்களைப் பேணும் பரிவையும் தூய்மையையும் பாராட்டிய அவர், கடும் வலி தணிக்கும் மருந்து இன்மையையும், குணமாகக்கூடியவர் யார், ஆகாதவர் யார் என்று பிரித்தறிய முயலாமையையும் குறையாகக் கூறினார். இறப்பவர்க்கு மறைவாகத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது என்று சபையினின்று நீங்கிய சகோதரி ஒருவர் எழுதியதும் உண்டு. அன்பு உள்ள இடத்தில் மருந்து குறையலாம் என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. முப்பத்திரண்டு அறத்துள் நோய்மருந்து தனியே எண்ணப்பட்டிருப்பதை மீண்டும் நோக்குக. சென்னையில் 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்துக் கஞ்சித்தொட்டி பின்னர் மருத்துவமனையாகி, ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. கஞ்சியோடு மருந்தும் சேரவேண்டும் என்பதற்கு அது சான்று.

காஞ்சி மாவட்டமும் இவ்வகையில் ஒரு கசப்பைக் கண்டது. உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்தில் கிறித்தவக் கருணை இல்லம் ஒன்று ஆதரவற்ற முதியோரையும் நோயாளரையும் நூற்றுக்கணக்கில் ஏற்றுப் பேணிவந்தது. 2018 பிப்ரவரியில் அதன் வண்டியில் முதியோரும், ஒரு சடலமும், காய்கறி மூட்டைகளும் ஒன்றாகச் சென்றதைப் பொதுமக்கள் கண்டு தடுத்தனர். இறந்தோர் உடல்கள் சுவரில் அமைந்த கல்லறை அறைகளில் வைக்கப்பட்ட செய்தி பரவியது. பலவகை ஐயங்கள் எழுந்தன. இல்லத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். அரசு ஆய்வு நடத்தி, அங்கிருந்தோரை வேறு இல்லங்களுக்கு மாற்றியது. எழுந்த ஐயங்கள் அனைத்தும் உண்மை என்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் அன்று ஊரார் கேட்ட வினாக்கள் மிக எளியவை. இவர் யார்? எங்கிருந்து வந்தார்? தாமே விரும்பி வந்தாரா? எப்போது இறந்தார்? யாரிடம் தெரிவிக்கப்பட்டது? இவற்றுக்கு ஒரு பதிவேட்டை விரித்துக் காட்டியே மறுமொழி கூறவியலும். பரிவு எவ்வளவு பெரிதாயினும் பதிவேட்டின் இடத்தை அது நிரப்பாது. தொண்டு இல்லத்தில் துணி வெளுப்பதைப் போலவே பெயர் எழுதுவதும் அன்றாட வேலை.

அரசின் கடமையும் ஒன்றுண்டு. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஐம்பது பேர் தங்கத்தக்க நிலையான உறைவிடம் ஒன்றேனும் இருத்தல் வேண்டியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருத்தல் வேண்டியிருந்தது. அதே விதி ஒவ்வொருவர்க்கும் ஐம்பது சதுர அடி இடம் வகுத்தது. ஒரு கைத்தறிக்கு வேண்டிய இடத்தைவிடவும் குறைவு அது.

கவிஞர்கள் கூடிய அவையில் இறுதியாக ஒரு சொல். புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. பாடப்பட்டவர் மன்னரும் வள்ளலும். அவர்க்குப் பெயரும் ஊரும் மலையும் ஆறும் உண்டு. அறவைப் பிணத்துக்கு அத்துறையில் இடமில்லை. அதற்கென்று இன்று அச்சாவது நாளிதழின் உள்பக்கத்தில் காவல்துறை தரும் சிறு குறிப்பொன்றே: ஆண், வயது சுமார் அறுபது, மாநிறம், கட்டம் போட்ட லுங்கி, இடக்கையில் ஒரு தழும்பு, உறவினர் இருப்பின் காவல் நிலையத்தில் தெரிவிக்கவும்.