நூல் எந்த ஊரு? சேலை எந்த ஊரு?



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு போடு போட்டார். "சென்னை ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதம் 'உலா'ன்னு ஒரு பிரவுசர் வெளியிட்டுது. தமிழன் செஞ்சதுன்னு மார்தட்டுறீங்க. பிரிச்சுப் பார்த்தா உள்ளே கூகுளோட குரோமியம்தானே! பேரு மட்டும் தமிழ்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

அண்ணே, குரோமியம்தான். நான் மறைக்கலை. ஆனா ஏகாம்பரநாதர் பங்குனி உத்திரத்துக்கு உலா வர்ற ஊர்ல, அதுவும் தறி ஓடுற ஊர்ல நின்னு இதைக் கேக்கலாமா? (சிரிப்பு) அம்மா, நீங்க கட்டியிருக்கிற பட்டு, நூல் எந்த ஊரு? கர்நாடகம். ஜரிகை? சூரத். சேலை? ("காஞ்சிபுரம்!" என்று கூட்டத்தில் குரல், கைதட்டல்) உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடான்னு ஓட்டி, பக்கத்துல துணையாள் உட்கார்ந்து கோர்வை வாங்குறாங்களே, அந்த உழைப்புக்குத்தான் இந்த ஊர்ப் பேரு.

கூகுள் மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? 2008 செப்டம்பர் 2-ஆம் தேதி குரோம் வந்தது. பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் 'வெப்கிட்' ஆப்பிள் வளர்த்தது. ஆப்பிளுக்கு அது கேடிஈ என்ற தன்னார்வலர் கூட்டம் எழுதிய நிரலிலிருந்து கிடைத்தது. கூகுள் சேர்த்தது, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி இயக்கம். ஒரு தறியில் இழை அறுந்தா பக்கத்துத் தறி நிக்குமா? அதே கதைதான். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. பிரவுசர் செய்வதில் மேலதிகாரி எரிக் ஷ்மிட்டுக்கே பல வருஷம் இஷ்டமில்லை!

அப்போ உலா என்ன நெய்தது? என் வீட்டுக் கதையைக் கேளுங்க. என் சம்சாரம் ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஒரு மாம்பழக் கலர் சேலை பார்த்தா. பதினைஞ்சு நாள்! செய்தி படிச்சா சேலை, ராசிபலன் பார்த்தா சேலை. கடைசியில வாங்கித் தொலைச்சேன். (பலத்த சிரிப்பு) காந்தி ரோட்டுல நீங்க கடை கடையா ஏறும்போது ஒருத்தன் நோட்டோட பின்னாடியே வந்தா சும்மா விடுவீங்களா? கம்ப்யூட்டரில் விடுறோம். அப்படிப் பின்தொடர்கிறவனைத் தடுப்பதுதான் உலாவின் கோர்வை. வேலைக்கு, குழந்தைகளுக்குன்னு தனித்தனி அறையும் உண்டு. விளம்பரத்தில் வருமானம் பார்க்கிற கூகுளுக்கு இதில் எவ்வளவு அக்கறை இருக்கும்?

உலகத்துல பெரும்பாலானவங்க கையில இன்னும் குரோம்தான். ஒத்துக்கறேன். "நூல்காரன் கையை விரிச்சா?"ன்னு அண்ணன் கேப்பார். குரோமியம் திறந்த நிரல். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. ஆனா அவங்க மாத்த மாத்த, இங்கே உட்கார்ந்து சரிபண்ண ஆள் வேணும். பட்டு விலை ஏறும்போது தறி படுற பாடு உங்களுக்குத் தெரியாததா?

நடுவர் மணியைத் தொட்டுட்டார்.